பில்லியாக ஆடிய பையன் எங்கே போனான்? டாம் ஹாலண்ட் பற்றி ஒரு விவாதம்

மேடைப்பித்தன்:
ரொம்ப நாளாக மனதில் கிடப்பதை இங்கே கொட்டிவிடுகிறேன். டாம் ஹாலண்டை உலகம் முழுக்க ஸ்பைடர்மேனாகத் தெரியும். எனக்கு அவர் முதலில் லண்டன் மேடைப் பையன். 2008 ஜூனில், 12 வயது முடிந்த அதே மாதத்தில், விக்டோரியா பேலஸ் அரங்கில் 'பில்லி எலியட்' இசை நாடகத்தில் பில்லியின் நண்பன் மைக்கேலாக மேடை ஏறினார். செப்டம்பரில் பில்லி வேடமே கிடைத்துவிட்டது. 2010 மே வரை ஆடினார். அடுத்து அவர் ஒரு நாடக மேடையில் நின்றது எப்போது தெரியுமா? 2024 மே மாதம், ரோமியோவாக. நடுவில் 14 வருடம்.

அந்த 14 வருடத்தில் ஆறு வருடத்தை ஒரே உடை எடுத்துக்கொண்டது. 2016-லிருந்து 2021 வரை மார்வெல் படங்கள் ஆறு. ஒப்பந்தம் போட்டபோது அவருக்கு 19 வயது. ஒரு நடிகன் விழுந்து எழுந்து தொழில் கற்கிற வயது அதுதான். அவர் மோசமான நடிகர் என்று நான் சொல்லவே இல்லை. பெரிய நடிகராக வந்திருக்க வேண்டியவர், அந்தப் பாதையிலிருந்து விலகிவிட்டார் என்கிறேன். மறுப்பவர்கள் காரணத்தோடு மறுங்கள்.

கவின்_2003:
அண்ணே, ஆறு படத்திலும் ஒரே உடைதான், ஆனால் ஒரே ஆளா? 'நோ வே ஹோம்' கடைசியில் அந்தக் காபிக் கடைக் காட்சியை ஒரு தடவை பாருங்கள். ஸ்பைடர்மேன் முகமூடிக்குப் பின்னால் இருக்கும் பீட்டரை உலகமே மறந்துவிட்டது. காதலியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கையில் கசக்கிப் பிடித்துக்கொண்டு வருகிறான். அவள் நெற்றியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்திரியைப் பார்க்கிறான். இவளுக்கு அடிபட்டது என்னால்தானே என்பது அவன் முகத்தில் ஓடுகிறது. காபியை வாங்கிக்கொண்டு, காகிதத்தைப் பிரிக்காமலே திரும்பிவிடுகிறான். வசனத்தில் ஒன்றுமே இல்லை, எல்லாம் முகத்தில்தான். இதை நடிப்பு இல்லை என்றால் எதை நடிப்பு என்பீர்கள்?

ரகுராமன்:
கவின், அந்தப் படம் 190 கோடி டாலருக்கு மேல் வசூல் செய்தது, அதுவும் சீனாவில் வெளியாகாமலே. அந்த வசூல் ஸ்பைடர்மேனாக நடித்த மூன்று நடிகர்களையும் ஒன்றாகப் பார்க்க வந்த கூட்டத்தால் வந்தது. ஹாலண்டுக்கு என்று தனியாகக் கூட்டம் வருமா என்பதுதான் கேள்வி. முகமூடி இல்லாமல் அவர் தோளில் நின்ற படங்களை எடுத்துக்கொள்ளுங்கள். 2021-இல் 'செர்ரி', அதே வருடம் 'கேயாஸ் வாக்கிங்', 2023-இல் 'தி க்ரௌடட் ரூம்' தொடர். மூன்றையும் விமர்சகர்கள் பிய்த்து எடுத்தார்கள். 'செர்ரி'யை எடுத்தது மார்வெல் படங்கள் செய்த அதே ரூஸோ சகோதரர்கள். பழகிய வீட்டை விட்டு வெளியே போகிறேன் என்று கிளம்பி, அடுத்த அறைக்குப் போன கதை இது.

தேன்மொழி_ஈஸ்ட்ஹாம்:
மேடைப்பித்தன் ஐயா, நீங்கள் மேடையை நேசிப்பவர் என்று தெரிகிறது, அதனால்தான் பதில் எழுதுகிறேன். நான் 2009-இல் லண்டனுக்குப் படிக்க வந்தேன். அந்தக் குளிர்காலத்தில், கையிலிருந்த காசில் கடைசி மாடியில் ஒரு இருக்கை எடுத்து 'பில்லி எலியட்' பார்த்தேன். அன்று ஆடியது ஹாலண்ட் இல்லை. சின்னப் பிள்ளைகளை எல்லாக் காட்சியிலும் ஆடவைக்க இங்கே சட்டம் விடாது, அதனால் சில பையன்கள் முறைவைத்து ஆடுவார்கள். ஆனால் எந்தப் பையன் ஆடினாலும் செய்ய வேண்டியது ஒன்றுதான். அது என்னவென்று சொல்கிறேன்.

1984-85 சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம்தான் கதைக்களம். வட இங்கிலாந்தில் டரம் பக்கத்துச் சுரங்க ஊர். அப்பாவும் அண்ணனும் வேலைநிறுத்தத்தில் இருக்கிறார்கள், பையன் பாலே ஆட ஆசைப்படுகிறான். முதல் பாதி முடியும்போது கோபத்தில் ஒரு ஆட்டம் வரும். கலவரத் தடுப்புப் போலீஸ் கேடயத்தோடு வரிசையாக நிற்க, இந்தப் பொடியன் அடியில் உலோகத் தகடு பதித்த டாப் ஷூவால் தரையை அடித்து அடித்து அந்தக் கேடயங்கள் மேல் போய் விழுவான். நான் உட்கார்ந்த கடைசி மாடிப் பலகை அதிர்ந்தது. இரண்டாம் பாதியில், வளர்ந்த பில்லியோடு சேர்ந்து ஆடும் கனவு பாலே. ஸ்வான் லேக் இசை. ஆட்டத்தின் நடுவே பையன் முதுகில் ரோப் மாட்டப்படும், அப்படியே மேடைக்கு மேலே எழும்பிச் சுழன்று பறப்பான்.

இதைத்தான் ஹாலண்ட் 12 வயதிலிருந்து 13 வயது முடியும்வரை செய்தார். பாலே, டாப், அக்ரோபாடிக்ஸ் என்று இரண்டு வருடப் பயிற்சிக்குப் பிறகுதான் மேடையே ஏறவிட்டார்கள். லண்டன் பையன், வட இங்கிலாந்துப் பேச்சையும் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது. ஸ்பைடர்மேனாக அவர் குதிப்பதைப் பார்க்கும்போது எனக்கு அந்தக் கனவு பாலேதான் நினைவுக்கு வருகிறது. மேடையை விட்டுப் போகவில்லை ஐயா, மேடையை உடம்போடு எடுத்துக்கொண்டு போனார்.

மேடைப்பித்தன்:
தேன்மொழி அம்மா, அருமையாக எழுதினீர்கள். ஆனால் நீங்கள் சொல்லச் சொல்ல என் வருத்தம்தான் கூடுகிறது. அப்படிப்பட்ட உடம்பைக் கொண்டுபோய் என்ன செய்தார்கள்? பச்சைத் துணி முன்னால் நிறுத்தினார்கள். திரையில் கட்டடம் விட்டுக் கட்டடம் பாய்வதில் பெரும்பகுதி கம்ப்யூட்டரில் வரைந்த உடம்பு. நாம் கைதட்டுவது யாருக்கு?

வளர்மதி_நடனம்:
நான் இருபது வருடமாகப் பிள்ளைகளுக்கு நடனம் சொல்லித் தருகிறேன். ஆடத் தெரிந்தவர்கள் குதிப்பதை விட்டுவிடுங்கள், தரையில் வந்து இறங்குவதைப் பாருங்கள். 2017-இல் ஒரு அமெரிக்க டிவி நிகழ்ச்சியில் ஹாலண்ட் 'அம்ப்ரெல்லா' பாட்டுக்கு ஆடினார். பழைய ஹாலிவுட் மழைப்பாட்டில் கோட்டும் குடையுமாகத் தொடங்கி, சட்டென்று பெண் உடைக்கு மாறி, கொட்டுகிற தண்ணீரில் ஆடுவார். ஈரத் தரை. அந்தத் தரையில் ஒரு குட்டிக்கரணம் போட்டு இறங்கியதும், மூச்சு வாங்காமல் அடுத்த அடவுக்குள் போகிறார். கேலி செய்வதற்காக ஆடவில்லை, முழு மனதோடு ஆடுகிறார். அதில் கம்ப்யூட்டர் எங்கே இருக்கிறது? என் மாணவர்களுக்கு அந்த வீடியோவைப் போட்டுக் காட்டியிருக்கிறேன். பழைய ஹாலிவுட் நடன நட்சத்திரம் ஃப்ரெட் அஸ்டேரின் வாழ்க்கைப் படத்தில் இவர் நடிப்பதாக 2021-இல் செய்தி வந்தபோது நான் துள்ளிக் குதித்தேன்.

அப்புறம், உடம்பு மட்டும் இல்லை. 'ஹோம்கமிங்' படத்தில் கட்டடம் இடிந்து அவன் மேல் விழும். வீட்டில் தைத்த அழுக்குச் சட்டை, முகமூடி கழன்று கிடக்கிறது. நெஞ்சு மேல் கான்கிரீட். அப்போது சூப்பர் ஹீரோ மாதிரி உறுமவில்லை, யாராவது வாங்களேன் என்று சின்னப் பிள்ளை மாதிரி கதறுகிறான். குரல் உடைந்து மேலே போகிறது. எனக்குச் சோறு இறங்கவில்லை அன்று.

ரகுராமன்:
டீச்சர், நடனத்தில் உங்கள் பேச்சுக்கு நான் கட்டுப்படுகிறேன். ஆனால் பேச்சு வாழ்க்கைத் தேர்வைப் பற்றியது. டேனியல் ராட்கிளிஃபை எடுத்துக்கொள்வோம். ஹாரி பாட்டர் படங்கள் முடியக்கூட இல்லை, 2007-லேயே 'ஈக்வஸ்' நாடகத்தில் லண்டன் மேடை ஏறினார். அப்போது 17 வயது. 2024-இல் நியூயார்க்கில் நாடகத்துக்கான டோனி விருது வாங்கினார். ஆண்ட்ரூ கார்ஃபீல்ட் 2014-இல் ஸ்பைடர்மேனாக இரண்டாவது படம் முடித்தார். 2016-இல் ஸ்கார்செஸி படம், 2017-இல் நேஷனல் தியேட்டரில் 'ஏஞ்சல்ஸ் இன் அமெரிக்கா', மறுவருடம் அவருக்கும் டோனி. அதே சிலந்தி உடை, அதே நாடு. ஹாலண்ட் மட்டும் ஏன் 14 வருடம் எடுத்துக்கொண்டார்?

தேன்மொழி_ஈஸ்ட்ஹாம்:
ராட்கிளிஃபுக்குப் படப்பிடிப்பு லண்டனுக்கு வெளியே லீவ்ஸ்டனில். வீட்டிலிருந்து போய்வரலாம். ஹாலண்டின் முதல் ஸ்பைடர்மேன் படங்கள் அட்லாண்டாவில் எடுத்தவை.

ரகுராமன்:
'ஃபார் ஃப்ரம் ஹோம்' அதே லீவ்ஸ்டனில்தான் எடுத்தார்கள். 2018-இல்.

தேன்மொழி_ஈஸ்ட்ஹாம்:
சரி, அதை ஒத்துக்கொள்கிறேன். அந்த வருடம் அவர் ஒரு நாடகம் செய்திருக்கலாம்.

மேடைப்பித்தன்:
இன்னொன்று சொல்கிறேன். 2015-இல் பிபிசியின் 'உல்ஃப் ஹால்' தொடரில் கிரகரி கிராம்வெல் வேடம் செய்தார். அப்பாவாக மார்க் ரைலன்ஸ். ஷேக்ஸ்பியர்ஸ் குளோப் அரங்கத்தையே பத்து வருடம் நடத்திய மனிதர். அசையாமல் உட்கார்ந்தே ஒரு அறையை ஆள்கிறவர். அவர் எதிரே நிற்பதே ஒரு குருகுலம். 2024-இல் அடுத்த பாகம் வந்தபோது கிரகரி வேடத்தில் சார்லி ரோவ் இருந்தார், ஹாலண்ட் இல்லை. மற்றவர்கள் பலர் ஒன்பது வருடம் கழித்தும் அதே வேடத்துக்குத் திரும்பி வந்தார்கள். காரணம் எதுவாகவும் இருக்கட்டும், எனக்கு அந்த இடம் வெறுமையாகத் தெரிந்தது.

நாகைக்கடல்:
இத்தனை பேர் பேசுகிறீர்கள், 'தி இம்பாசிபிள்' படத்தை ஒருவரும் தொடவில்லை. அவருடைய முதல் சினிமா அது. 2012. பயோனா என்ற ஸ்பெயின் இயக்குநர் எடுத்தது. 2004 டிசம்பர் 26, தாய்லாந்தின் காவோ லாக் கடற்கரையில் ஒரு குடும்பம் அலையில் சிதறிப்போகும் கதை.

எனக்கு அன்று 14 வயது. நாகப்பட்டினம், கீச்சாங்குப்பம். அதே அலை. அதனால் இந்தப் படத்தை நான் எட்டு வருடம் பார்க்கவே இல்லை. 2020 ஊரடங்கில்தான் தனியாக உட்கார்ந்து பார்த்தேன்.

முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன். அது உண்மையில் மரியா பெலோன் என்ற ஸ்பெயின்காரப் பெண்ணின் குடும்பத்துக்கு நடந்தது. படத்தில் ஆங்கிலேயக் குடும்பமாக மாற்றிவிட்டார்கள். அந்த ஊர் மக்கள் உதவி செய்ய மட்டும் வந்து போகிறார்கள். அவர்கள் வீட்டில் யார் செத்தார்கள் என்று படம் கேட்கவில்லை. அது எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது.

ஆனால் அந்தப் பையன். அலை ஓய்ந்ததும் தண்ணீரில் நடந்து வருகிறார்கள். அம்மா முன்னால் போகிறாள். அவள் காலில் சதை கிழிந்து தொங்குவது பின்னால் வருகிற பையனுக்குத் தெரிகிறது. அவன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். ஓடிப்போய்த் தாங்கவில்லை, அழவில்லை, திருப்பிக்கொள்கிறான். பெற்ற அம்மாவை அந்தக் கோலத்தில் பார்க்க முடியாத கூச்சமும் பயமும் சேர்ந்தது அது. அதை வெளியே இருந்து கற்றுக்கொள்ள முடியாது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

பிறகு ஆஸ்பத்திரி. யாருக்காவது உதவி செய் போ என்று அம்மா அனுப்புகிறாள். ஒவ்வொரு கட்டிலாகப் போய், தேடுகிறவர்களின் பெயர்களைக் கேட்டு எழுதிக்கொண்டு, அந்தப் பெயர்களைக் கத்திக்கொண்டே வராந்தா வராந்தாவாக ஓடுகிறான். திரும்பி வந்தால் கட்டிலில் அம்மா இல்லை. ஆறு வருடம் அதே உடை என்கிறீர்கள். எனக்கு இந்த ஒரு காட்சிக்காகவே அவர் பெரிய நடிகர். அதன்பிறகு என்ன செய்தாலும் அது அவர் விருப்பம்.

மேடைப்பித்தன்:
நாகைக்கடல் தம்பி, உங்கள் பதிவைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுந்து போய்விட்டேன். அந்தப் படத்தை நான் பார்த்திருக்கிறேன், ஆனால் முகத்தைத் திருப்பிக்கொண்டதை இப்படிப் பார்க்கவில்லை. அந்த வருடம் அமெரிக்காவின் நேஷனல் போர்டு ஆஃப் ரிவ்யூ அவருக்குப் புதுமுக விருது கொடுத்தது சும்மா இல்லை.

ஆனால் என்னை மன்னியுங்கள், என் கேள்வி இன்னும் அழுத்தமாகத்தான் எழுகிறது. படப்பிடிப்பின்போது 14 வயதில் இதைச் செய்ய முடிந்தவர், 27 வயதுக்குள் இதைத் தாண்டிய எதைச் செய்தார்?

கவின்_2003:
'தி டெவில் ஆல் த டைம்' பார்த்தீர்களா? 2020, நெட்ஃப்ளிக்ஸ். ஒரு பாதிரியாரால் தங்கச்சி செத்துப்போன பிறகு, அதே பாதிரியார் இருக்கும் சர்ச்சுக்குப் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்து பேசுகிறான். எதிரே ராபர்ட் பாட்டின்சன். பாவமன்னிப்புக் கேட்பது போலத் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக அந்த ஆளுக்கு விஷயம் புரிகிற வரை பேச்சு போகிறது. துப்பாக்கி பிடித்த கை நடுங்குகிறது. கொல்லவும் வந்திருக்கிறான், கொல்லப் பயமாகவும் இருக்கிறது. இதில் ஸ்பைடர்மேன் ஒரு இடத்திலும் இல்லை.

ரகுராமன்:
கவின், அந்தக் காட்சி நன்றாக இருக்கும், மறுக்கவில்லை. ஒரு காட்சி அது. இனி ரோமியோவுக்கு வருவோம். டூக் ஆஃப் யார்க்ஸ் அரங்கம், இயக்கம் ஜேமி லாய்ட். டிக்கெட் சுமார் இரண்டு மணி நேரத்தில் தீர்ந்துவிட்டது. இது நாடகத்துக்கு வந்த கூட்டமா, முகத்தைப் பார்க்க வந்த கூட்டமா? மேடையில் மைக், பெரிய திரை, நேரடி கேமரா. நடிகன் மெல்ல முணுமுணுத்தால் போதும், மைக் எடுத்துக்கொள்ளும், கேமரா முகத்தைப் பெரிதாக்கும். 14 வருடம் கழித்து மேடைக்கு வந்தவர் சினிமாவைக் கையோடு தூக்கிக்கொண்டு வந்தார்.

தேன்மொழி_ஈஸ்ட்ஹாம்:
ரகுராமன், மைக்கும் கேமராவும் ஜேமி லாய்டின் பாணி. ஹாலண்டுக்காகக் கொண்டுவந்தது இல்லை. அதற்கு முந்தைய வருடம் அவர் இயக்கிய 'சன்செட் புலவார்ட்' இசை நாடகத்திலும் நடிகர் பின்னால் கேமரா தெருவரை போனது.

எனக்கு முதலில் டிக்கெட் கிடைக்கவில்லை. மூன்று சாதனங்களைத் திறந்துவைத்து வரிசையில் காத்திருந்தும் கைவிட்டுப்போனது. பிறகு ஜூலையில், திருப்பிக் கொடுத்த ஒன்று கிடைத்து ஓடினேன். பால்கனிக் காட்சியில் பால்கனியே கிடையாது. அவரும் ஜூலியட்டாக நடித்த ஃப்ரான்செஸ்கா அமெவுடா ரிவர்ஸும் பக்கத்தில் பக்கத்தில், கிட்டத்தட்ட நமக்கு நேராக. பின்னால் எந்த அலங்காரமும் இல்லை. உடம்பையே ஆயுதமாகக் கற்ற ஒருவர் ஒன்றும் செய்யாமல் அடங்கி இருப்பதை அன்றுதான் பார்த்தேன். நீங்கள் ரைலன்ஸைப் பற்றிச் சொன்னீர்களே ஐயா, அசையாமல் உட்கார்ந்தே ஆள்கிறவர் என்று? எனக்கு அதுதான் தோன்றியது. ஊரை விட்டுத் துரத்தப்பட்ட ரோமியோ அரங்கத்தின் மொட்டைமாடியில் நிற்பதைத் திரையில் காட்டினார்கள். நாங்கள் உள்ளே அடைந்து உட்கார்ந்திருக்க, அவர் தலைக்கு மேலே லண்டன் வானத்தின் கீழே தனியாக. அது ஏமாற்று வேலை இல்லை. நாடு கடத்தல் என்றால் என்னவென்று எனக்கு அன்று புரிந்தது.

ஒன்றில் மட்டும் எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை, அது ஹாலண்ட் மேல் இல்லை. நடிகர் பட்டியல் வெளியானதும் ஃப்ரான்செஸ்கா மேல் நிறத்தைச் சொல்லி எழுதிய வசைகள் கொஞ்சமா? நாடகக் குழுவே அறிக்கை விட வேண்டியதாயிற்று. 800-க்கும் மேற்பட்ட கறுப்பினக் கலைஞர்கள் அவருக்கு ஆதரவாகக் கையெழுத்திட்டார்கள். பெரிய நட்சத்திரம் மேடைக்கு வந்தால் கூட்டமும் வருகிறது, இந்தக் குப்பையும் சேர்ந்து வருகிறது. அந்தப் பெண் அத்தனையையும் தாங்கிக்கொண்டு ஒவ்வொரு இரவும் வந்து நின்றார். அன்றைய மேடையில் எனக்கு ரோமியோவை விட ஜூலியட்டைத்தான் அதிகம் பிடித்தது. இதைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையாக எழுதியதாக ஆகாது.

வளர்மதி_நடனம்:
ஒரு விஷயத்தை எல்லோரும் தாண்டிப் போகிறோம். 'பில்லி எலியட்' முடிந்ததும் அவருக்கு நேரே சிவப்புக் கம்பளம் விரிக்கவில்லை. நடிப்பு வேலை இல்லாத ஒரு காலத்தில் அம்மா அவரைக் கார்டிஃபுக்குத் தச்சுவேலை கற்க அனுப்பியதாக அவரே சொல்லியிருக்கிறார். ஸ்பைடர்மேன் வந்தபோது அந்தப் பையனுக்கு வேலையில்லாத நாட்கள் எப்படி இருக்கும் என்று தெரியும். 19 வயதில் நம் வீட்டுப் பிள்ளைக்கு அப்படி ஒன்று வந்தால் வேண்டாம் என்று சொல்லச் சொல்வோமா? 'தி க்ரௌடட் ரூம்' முடித்த பிறகு மனசும் உடம்பும் தளர்ந்து ஒரு வருடம் ஓய்வு எடுத்தார். ஓய்வு முடிந்து அவர் முதலில் வந்து நின்ற இடம் மேடை. அதை நீங்கள் யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

மேடைப்பித்தன்:
கணக்கில் எடுக்கவில்லை, உண்மைதான் அம்மா. ஓய்வுக்குப் பிறகு முதலில் மேடைக்கு வந்தார் என்பதை நான் அப்படி யோசிக்கவில்லை. அந்த 14 வருடத்தைப் பற்றிய என் வருத்தம் போகாது, ஆனால் பாதை விலகிவிட்டார் என்று முதல் பதிவில் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். நோலனின் 'ஒடிஸி'யில் டெலிமாக்கஸ் வேடம் என்கிறார்கள், அப்பாவைத் தேடிப் போகிற மகன். அது இருக்கட்டும். எனக்கு ஆசை வேறு. டான்மார் வேர்ஹவுஸ் மாதிரி 250 பேர் மட்டும் உட்காரும் அரங்கத்தில், மைக் இல்லாமல், திரை இல்லாமல் ஒரு சின்ன நாடகம். ஆடச் சொல்லவில்லை. ஒரு நாற்காலியில் உட்கார்ந்து பேசட்டும்.

ரகுராமன்:
அப்படி ஒன்று செய்தால் என் எதிர்ப்பை நானும் எடுத்துக்கொள்கிறேன். அதுவரை இல்லை.

மேடைப்பித்தன்:
நாகைக்கடல் தம்பி, இன்று இரவு 'தி இம்பாசிபிள்' மறுபடி பார்க்கப் போகிறேன். உங்கள் வீட்டில் வேறு யாராவது பார்த்தார்களா?

நாகைக்கடல்:
தங்கச்சி பார்த்தாள், அந்த ஆஸ்பத்திரிக் காட்சி வரை. அம்மா பார்க்கவில்லை ஐயா. நான் சொல்லவும் இல்லை.